கடல் இல்லீங்க, கடை

எனக்குக் கல்யாணமாகி இந்த டவுனுக்கு வந்தபோது என் கணவர் போட்டோக் கடை வைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளும் அவர்களைத் தேடிப் பட்டாளமும் இருந்தார்கள். வெளியே நாங்கள் எல்லோரும் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோ முந்தானையில் முடிந்துகொண்டோ நடந்தோம். அட்டையைத் தொலைத்தவர்கள், அட்டையோடு ஆற்றில் இறங்கியவர்கள், அட்டையை ஆடு தின்றுவிட்டது என்று சொல்கிறவர்கள், எல்லோரும் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். என் கணவர் அவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "சிரிக்காதீங்க" என்பார். துணிக்குள்ளிருந்து வரும் அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வராது.

நான் கரங்கான் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். ரப்பர் பால்மரமும் செம்மண் ரோடும்தான் எனக்குத் தெரிந்த இயற்கை. கடைக்கு வந்த கொஞ்ச நாளில், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றும் சீனர் பினாங்குக்குப் போய்விட்டார். தூரிகை என் கைக்கு வந்தது. உதட்டுக்குச் சிவப்பு, கன்னத்துக்கு ரோஸ், சேலைக்கு அவர்கள் சொன்ன நிறம் என்று பஞ்சில் தொட்டு ஏற்றுவேன். சொல்லாததையும் ஏற்றுவேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி ஒருவரின் மனைவிக்கு, அவர் காதில் இல்லாத சிவப்புக் கல் கம்மலை நானாகவே வைத்துவிட்டேன். கிராணி படத்தோடு வந்து சத்தம் போட்டார். அடுத்த மாதம் அந்த அம்மா நிஜமான கம்மலோடு கடையைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

"உன் கை சும்மா இருக்காதா?" என்று என் கணவர் கேட்டார்.

"நீங்கதானே தூரிகையைக் குடுத்தீங்க" என்றேன்.

ஒரு நாள் பகலில் ஆஸ்திரேலியப் பட்டாளத்துப் பையன் ஒருவன் வந்தான். மூக்குத் தோல் உரிந்திருந்தது. பாலிங் பக்கத்துக் காட்டில் வாரக்கணக்காகக் கிடந்துவிட்டு லீவில் வந்தவன். அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துக்கொண்டான். அது முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து புகையிலை டப்பாவை எடுத்து, அதற்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் தாள் ஒன்றைப் பிரித்து மேஜையில் வைத்தான்.

அப்படியொரு படத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தண்ணீர் ஒரு கோவில் கோபுரத்தின் உயரத்துக்கு எழும்பி நின்றது. அதன் உச்சி உடைந்து, வெள்ளையாக முன்னால் கவிந்து விழுந்துகொண்டிருந்தது. கீழே, சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி, இரண்டு மனிதர்கள் ஆளுக்கொரு பலகைமேல் நின்றுகொண்டிருந்தார்கள். சாகப் போகிறவர்களைப் படம் எடுத்து விற்கிறார்கள் என்று நினைத்தேன்.

பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். இதை அலைச்சறுக்கு என்று இப்போது சொல்கிறார்கள். அன்றைக்கு அவன் சொன்னதை என் கணவர் எனக்கு இப்படித்தான் சொன்னார்: "இது எங்கேயோ ஹவாய்னு ஒரு தீவாம். வேணும்னேதான் அலை மேல ஏறி நிக்கிறாங்களாம். வெளையாட்டாம்." அவனும் அவன் ஊரில் சின்ன அலைகளில் நிற்பானாம். அவன் சிநேகிதர்கள் எல்லோரும் ஊரில் கடலில் கிடக்க, இவன் மட்டும் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு காட்டில் கிடக்கிறானாம். ஆகவே, இந்த மாதிரி ஒரு அலைமேல் அவன் நிற்பதுபோல ஒரு படம் வேண்டும். சண்டைக்குப் போனவன் மலாயாவில் இவ்வளவு பெரிய அலையில் நிற்கிறான் என்று பார்த்து அவர்கள் வயிறெரிய வேண்டும்.

"நோ, சார்" என்றார் என் கணவர்.

"போலே, துவான்" என்றேன் நான், முடியும் ஐயா என்று மலாயில்.

அவனுக்கு அந்த ஒரு வார்த்தை மலாய் தெரிந்திருந்தது. அடுத்த லீவுக்கு வருகிறேன் என்று தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

அவன் போனதும் என் கணவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "நீ கடலைப் பாத்திருக்கியா?"

"பினாங்கு ஃபெர்ரில போயிருக்கேனே."

"அதுல நீ கண்ணை மூடிட்டு வாந்தி எடுத்தே."

"சத்தம் கேட்டேன்லா."

ஆனால் சத்தத்தை வைத்துக்கொண்டு வரைய முடியாது என்பது எனக்கும் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினோம். செமிலிங் தாண்டி அந்த ரோடு தஞ்சோங் டாவாய் மீனவர் கம்பத்தில், அதாவது கிராமத்தில், போய் முடியும். வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று சோறு, அரிசி எதையும் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் நாங்கள் கொண்டுபோனது ஒரு காலி பாட்டிலும் ஒரு பென்சிலும்தான்.

கடற்கரையில் போய் நின்றோம். கடல் குளம்போலக் கிடந்தது. கரையில் சேறு. சேற்றின் ஓரத்தில் தண்ணீர் வந்து கணுக்காலைத் தொட்டுவிட்டு, தொட்டதற்கு வெட்கப்பட்டதுபோலப் பின்வாங்கியது. நிறமோ பாலில்லாத டீ. நான் அப்படியே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெண் என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். "ஓம்பாக்" என்றேன். அலை. அவள் பக்கத்தில் இருந்தவளிடம் அதைச் சொல்ல, அவள் அடுத்தவளிடம் சொல்ல, கரை நெடுகச் சிரிப்பு போனது. எங்கள் பக்கத்தில் இருந்ததிலேயே பெரிய அலை அதுதான்.

தண்ணீரின் நிறத்தையாவது கொண்டுபோகலாம் என்று பாட்டிலில் மொண்டுகொண்டேன். திரும்பும் வழியில் சோதனையில் ஒரு மாத்தா, போலீஸ்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, கள்ளோ என்று சந்தேகப்பட்டு ஒரு மடக்கு குடித்தார். அவர் துப்பி முடிக்கும்வரை பஸ் காத்திருந்தது.

அலையைக் கடைசியில் நான் பக்கத்துக் கடையில் கண்டுபிடித்தேன்.

எங்கள் போட்டோக் கடையை ஒட்டினாற்போலச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த தமிழ் முஸ்லிம். எல்லோருக்கும் அவர் பாய். பெருத்த உடம்பு, எப்போதும் கட்டம் போட்ட சாரம், தோளில் துண்டு. என்னைத் தங்கச்சி என்பார். அன்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார். மேலே ஒரு குவளை, கீழே ஒரு குவளை, நடுவில் ஒரு முழ நீளத்துக்கு டீ. அது கீழே போய் விழுந்து, சுருண்டு, விளிம்பில் நுரையாக எழும்பி நின்றது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"பாய், இன்னொரு தரம் ஆத்துங்க."

"குடிக்கவா?"

"பாக்க."

பாய் நான்கு தடவை ஆற்றினார். டீ வாங்க வந்தவர் எனக்காகக் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. "அலையா? என்கிட்ட கேட்டிருக்கலாமே தங்கச்சி. நான் கப்பல்ல வந்தவன். ஒவ்வொரு அலையும் நம்ம பள்ளிவாசல் உசரம் இருந்துச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் கீழ் அறையில படுத்திருந்தேன். ஆனா ஒவ்வொண்ணும் எனக்குத் தெரிஞ்சுச்சு."

எங்கள் கடையில் ஒரு பழைய திரை இருந்தது. அதில் மாளிகைப் படிக்கட்டும் ரோஜாத் தொட்டியும். அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வரைந்தேன். வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி, சுண்ணாம்புப் பொடி கலந்து, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துக் கொட்டினேன். பத்திரிகைத் தாளில் இருந்தது உள்ளங்கை அகலப் படம். அதை ஒரு ஆள் உயரத்துக்குமேல் இழுத்தபோது அலை என் பேச்சைக் கேட்கவில்லை. முதலில் அது நீலப் போர்வை காய்வதுபோல இருந்தது. பிறகு மலைபோல இருந்தது. உச்சியின் அடிப்பக்கத்தில், தண்ணீர் கவிகிற இடத்தில், கறுப்புக்குப் பக்கமான ஒரு பச்சையைத் தடவினேன். அன்று சாயங்காலம் என் கணவர் விளக்கை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தவர், திரையைப் பார்த்ததும் ஓரடி பின்னால் வைத்தார். அப்போதுதான் அது அலையாகிவிட்டது என்று தெரிந்தது.

பலகைக்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்துக் கடைகளுக்குக் கதவு கிடையாது. நீளமான பலகைகளை வரிசையாக நிறுத்தித்தான் மூடுவார்கள். வரிசை மாறாமல் இருக்க ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். பாய் கடையின் ஏழாம் பலகை நல்ல வழுவழுப்பு. சங்கு ஊதி ஊரடங்கு தொடங்குவதற்கு முன்னால் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற கட்டளையோடு பாய் அதைத் தந்தார்.

பட்டாளத்துப் பையன் சொன்னபடி வந்தான். திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றினான். என் கணவர் உடனே குறுக்கே வந்து நின்றார். தன் மனைவி இருக்கிற இடத்தில் ஒரு ஆண்பிள்ளை சட்டையில்லாமல் நிற்பதா? நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு அங்கிருந்தே சொல்லிக்கொடுத்தேன். "பலகையோட முன் நுனியைச் செங்கல் மேல ஏத்துங்க. நுரை மாதிரி பஞ்சை அடியில பரப்புங்க. அவனை முட்டி மடக்கச் சொல்லுங்க."

"அவனுக்குத் தெரியும். நீ சுவரைப் பாரு."

பாய் ஒரு சொம்புத் தண்ணீரோடு திரைக்குப் பக்கத்தில் நின்றார். தெறிக்கிற தண்ணீர் வேண்டும் என்பது என் யோசனை. என் கணவர் தலையைத் துணிக்குள் விட்டதும் பாய் வீசினார். பாதி பையன்மேல் விழுந்தது, மீதி காமிராத் துணிமேல். துணிக்குள்ளிருந்து, "டோன்ட் லாஃப், சார்" என்று குரல் வந்தது. பையனால் முடியவில்லை. கைகளை விரித்து, முட்டியை மடக்கி, வாயெல்லாம் பல்லாக அவன் சிரித்தபடியே படம் விழுந்துவிட்டது. நனைந்துபோன அந்தப் படம்தான் எங்கள் கடையில் எடுத்த படங்களிலேயே நல்ல படம் என்று என் கணவர் பல நாள் கழித்து ஒப்புக்கொண்டார்.

பையன் படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். திரை எங்களிடம் நின்றுவிட்டது.

முதலில் ஏறியவர் பாய். பலகை அவருடையது, தண்ணீர் வீசியதும் அவர், ஆகவே ஒரு படம் அவருக்குப் பாக்கி என்றார். சாரத்தை மடித்துக் கட்டி, வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்து, கையில் டீக்குவளையோடு அலைமேல் நின்றார். அந்தப் படத்தை நான் வண்ணம் ஏற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வெளியே வைத்தேன். அப்புறம் கடையில் கூட்டம். அட்டைக்குப் படம் எடுக்க எஸ்டேட்டிலிருந்து வருகிறவர்கள் ஸ்டூலில் கல்லாட்டம் உட்கார்ந்து முடித்துவிட்டு, "அப்படியே அந்த அலையும் ஒண்ணு" என்று எழுவார்கள்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி நின்றார்கள். மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் நன்றாக நின்றார்கள். அவர்களுக்கு முட்டி மடக்கிப் பழக்கம். கிராணிகள் விழுந்தார்கள். ஒரு கங்காணியின் மனைவி பட்டுச் சேலையும் கைப்பையும் விரித்த குடையுமாக ஏறி, "அசையணுமா, அலையே அசைச்சுக்குமா?" என்று கேட்டார். "நீங்க நில்லுங்கம்மா, மத்ததை அலை பாத்துக்கும்" என்றேன். கடற்கரையில் பஸ்ஸுக்கு நிற்பதுபோல அவர் நின்ற அந்தப் படத்துக்கு மூன்று பிரதி போட்டோம். அவர் நிற்கும்போது சங்கு ஊதிவிட்டது. பாய் வாசலில் வந்து, "தங்கச்சி, பலகை" என்றார். "பொறுங்க பாய், அம்மா நடுக்கடல்ல இருக்காங்க" என்றேன். கங்காணியம்மா குடையை மடக்காமலேயே கரைக்கு இறங்கினார்.

வில்லங்கம் ஒரு மாப்பிள்ளைப் பையன் வழியாக வந்தது.

செமிலிங் பக்கத்து எஸ்டேட்டில் பால் வெட்டும் இளைஞன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டுக்குக் கொடுக்க ஒரு அலைப் படம் எடுத்துக்கொண்டு, அதைச் சட்டைப் பையில் வைத்தபடி எஸ்டேட்டுக்குத் திரும்பினான். அப்போது எஸ்டேட் லயங்களை, தொழிலாளர் வீட்டு வரிசைகளை, சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாசல், அங்கே சோதனை. பையில் அரிசி இருக்கிறதா என்று தடவியவர் கைக்குப் படம் வந்தது. அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவரும் வாசலில் இருந்தார்.

எஸ்டேட்டை விட்டு அனுமதி இல்லாமல் அங்கே இங்கே போகக்கூடாத ஆள், ஆளையே விழுங்கும் கடலில் நிற்கிறான். எப்போது போனான், யாரோடு போனான் என்று அதிகாரி கேட்டார்.

பையன், "கடல் இல்லீங்க, கடை" என்றான்.

கொஞ்சம் தமிழ் தெரிந்த மாத்தா ஒருவர் மொழிபெயர்த்தார். அவருக்குக் கடல் என்ற வார்த்தை தெரியும். கடை என்பதும் அவர் காதில் கடலாகவே விழுந்தது. கடலில்தான் இருந்தேன் என்கிறான், துவான், என்றார்.

"இல்லீங்க, கடை. கடைதாங்க."

திரும்பத் திரும்ப ஒப்புக்கொள்கிறான், துவான், என்றார் மாத்தா.

கூட யார் என்று கேட்டார்கள். அவன் உள்ளதைச் சொன்னான். "போட்டோக்காரரு, அவரு சம்சாரம், அப்புறம் பாயோட பலகை." அது இங்கிலீஷில் போய்ச் சேரும்போது இரண்டு கூட்டாளிகளும் ஒரு படகும் ஆகிவிட்டன.

மறுநாள் காலை ஜீப் எங்கள் கடை வாசலில் நின்றது. என் கணவர், யாரும் கேட்பதற்கு முன்னால், தன் அடையாள அட்டை, என் அடையாள அட்டை, கடை லைசென்ஸ் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிவிட்டுச் சுவரோடு சுவராக நின்றார். அதிகாரிக்கு வயது அதிகமில்லை. கூடவே மாப்பிள்ளைப் பையன். ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "அக்கா, நீங்களே சொல்லுங்கக்கா. நான் சொன்னா கடலாயிடுது" என்றான்.

நான் சொல்லவில்லை. முன்னறைத் தடுப்பை விலக்கித் திரையைக் காட்டினேன்.

அதிகாரி அலையைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். திரும்பவும் அலையைப் பார்த்தார். பக்கத்தில் போய் ஒரு விரலால் தொட்டார். வஜ்ஜிர வண்ணம் தொட்டால் ஒட்டும். விரல் நீலமாயிற்று. அதைக் காக்கி அரைக்கால் சட்டையின் பின்பக்கத்தில் துடைத்துக்கொண்டார். பின்னால் நின்ற மாத்தாக்கள் அதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை.

படகு எங்கே என்று கேட்டார். என் கணவர் கடை லைசென்ஸை எடுத்து நீட்டினார். நான், காலையிலேயே பாய் தந்திருந்த ஏழாம் பலகையை இழுத்துச் செங்கல்மேல் போட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, கைகளை விரித்து முட்டியை மடக்கி நின்று காட்டினேன். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரியின் வாயோரம் ஏதோ நடந்தது. ஆனால் அவர் அதை உடனே அடக்கிவிட்டார்.

பையனை விட்டுவிட்டார்கள். பலகையை விடவில்லை. படகு இருக்கிறது என்று அவர் ஏற்கனவே மேலே சொல்லிவிட்டாராம். இல்லை என்று சொல்வதற்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே. நான்கு மாத்தாக்கள் பலகையை ஜீப்பில் ஏற்றினார்கள். அது பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

பாய் இதைக் கேட்டதும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தங்கச்சி, கடலை எடுத்துட்டுப் போயிருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பலகையைலா எடுத்துட்டாங்க. நான் கடையை எப்படிச் சாத்துவேன்?"

ஆறும் எட்டும் நின்றன, நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குச் சந்து. ஊரடங்கு நேரத்தில் திறந்த கடையை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அன்றைக்குப் பாயே அந்தச் சந்தில் பெஞ்சைப் போட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் போய்ப் பார்த்தால் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். பாய் அடைத்தது சந்தின் கீழ்ப்பாதியைத்தான். மீதிப் பாதி வழியாக வந்த பூனை, குழம்புக்கு வைத்திருந்த மீன்தலையைக் கொண்டுபோயிருந்தது. "என் மேல மிதிச்சு ஏறிப் போச்சு. போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம்" என்றார்.

அன்று பகலிலேயே பாயும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். என் கணவர் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். முன்னால் யாரும் இல்லை. கொல்லைப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். இரண்டு மணல்மூட்டையின்மேல் ஏழாம் பலகை. அதன்மேல் தொந்தி வைத்த சார்ஜென்ட் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு மாத்தாக்கள் பலகையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தமிழ் தெரிந்த அந்த மாத்தா பக்கெட்டோடு தயாராக நின்றார்.

எங்களைப் பார்த்ததும் சார்ஜென்ட் இறங்கினார். பலகை உறுதியாக இருக்கிறதா என்று சோதனை செய்ததாகச் சொன்னார்.

"உறுதியா இருக்கா, துவான்?" என்று பாய் மலாயில் கேட்டார்.

"உறுதியாத்தான் இருக்கு. கொஞ்சம் இடது பக்கம் சாயுது."

அதிகாரி உள்ளே கூப்பிட்டார். பலகையைத் தருகிறேன், ஆனால் இனிமேல் இந்தப் படத்தைப் பார்க்கிறவன் யாரும் இது நிஜக் கடல் என்று நினைக்கக்கூடாது, நினைக்காதபடி அதில் ஏதாவது செய்ய வேண்டும் என்றார். பாய், "கடைன்னு எழுதிடலாமா?" என்றார். எழுத்து வேண்டாம், எழுத்தைப் படிக்கத் தெரியாதவனும் பார்த்ததும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் அதிகாரி. அவர் எழுந்தபோது பார்த்தேன், வேறு அரைக்கால் சட்டை போட்டிருந்தார்.

கடலில் இருக்கவே முடியாத ஒன்று. வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் கணவர் நாற்காலி என்றார். பாய் ஆடு என்றார். நான் தூரிகையை எடுத்து, அலையின் இடது பக்கத்தில், தண்ணீருக்கு நடுவில், ஒரு பால்மரத்தை வரைந்தேன். பட்டையில் சாய்வாகக் கத்தி போட்ட கோடு, கோட்டின் முடிவில் கம்பியில் கட்டிய கோப்பை, கோப்பையில் சொட்டும் பால். அவ்வளவு பெரிய அலை வந்து கவிந்தும் அந்த மரத்தில் ஓர் இலை அசையவில்லை.

அதிகாரி வந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "ஓகே" என்றார். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. ஆனால் சார்ஜென்டும் மாத்தாக்களும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சேர்ந்து வந்தார்கள். ஆள் கொள்ளாமல் எட்டாம் பலகையையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

பால்மரத்தைப் போட்டால் வருகிறவர்கள் குறைவார்கள் என்று என் கணவர் நினைத்தார். கூடிவிட்டார்கள். "கடல்லயும் பால் வெட்ட விட்டுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஒருவர், துரைக்குத் தெரிந்தால் இங்கேயும் கங்காணி போட்டுவிடுவார் என்றார். இன்னொருவர் கோப்பை நிறைந்துவிட்டதே, யார் எடுப்பது என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

சில மாதங்களுக்குப் பிறகு எங்கள் பக்கத்துக்குக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். சங்கு நின்றது. அந்த மாப்பிள்ளைப் பையனுக்கும் கல்யாணம் நடந்தது. கல்யாணம் முடிந்த வாரமே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். ஒல்லியான பெண், குரல் மட்டும் பெரியது. அவளும் பால் வெட்டுகிறவள்தான். அவர்கள் வீட்டில் இவன் படத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை கடலில் போகிற ஆளா, மாசத்தில் எத்தனை நாள் வீட்டில் இருப்பார் என்று கேட்டார்களாம்.

"நீ என்னம்மா சொன்னே?" என்று கேட்டேன்.

"அவரு முட்டி நடுங்குறது படத்துலயே தெரியுதேக்கா. கடலாவது, ஒண்ணாவது" என்றாள்.

இருவரையும் பலகைமேல் ஏற்றினோம். பாய் சொம்போடு வந்துவிட்டார். பையன் முன்னைப்போலவே கைகளை விரித்தான். அவள் திரையை மேலும் கீழும் பார்த்தாள். அலையை அவள் கண்டுகொள்ளவே இல்லை. பலகையிலிருந்து இறங்கி, பால்மரத்தின் பக்கம் போய் நின்று, கோட்டின் சரிவை விரலால் தொடாமல் அளந்தாள்.

"யாருக்கா இது வெட்டினது? ரொம்ப ஆழமா போட்டிருக்கு. மரம் புண்ணாயிடும்."

நான் தூரிகையை எடுத்துவந்து அவள் சொன்னபடி கோட்டை மெல்லியதாக்கினேன். அவள் திரும்ப ஏறிப் பலகையின் நுனிக்கு நகர்ந்து, ஒரு காலை முன்வைத்து, வெட்டும் கத்தியைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் மரத்தின் பக்கம் நீட்டிக் குனிந்தாள். வேலை செய்யும்போது எப்படி நிற்பாளோ அப்படியே நின்றாள். அவள் நின்றதில் பலகை கொஞ்சமும் ஆடவில்லை. பின்னால் அவன் ஆடினான்.

"நான் என்ன செய்யறது?" என்று கேட்டான்.

"நீ விழாம நில்லு" என்றாள்.

பாய் தண்ணீரை வீசினார்.